பாலக்கோட்டுக்கு எந்த வானொலி?

“தம்பி, டவர் போட எவ்வளவு ஆகும்?”

வானொலி தொடங்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த அக்காவும் இதையே கேட்டார். மகளிர் குழுக்களையும் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பையும் ஒன்பது வருடமாக நடத்திவரும் ஒரு சின்ன அறக்கட்டளையின் செயலாளர் அவர். கூடவே அவருடைய கொழுந்தனார், தக்காளி மண்டி வைத்திருப்பவர். அப்புறம் பெங்களூரில் மென்பொருள் வேலையை விட்டு ஊர் திரும்பிய ஒரு பையன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அஞ்சு நிமிடத்திலேயே புரிந்துவிட்டது, மூன்று பேர் மனதிலும் மூன்று வானொலி ஓடுகிறது. அக்காவுக்கு டவர் வைத்த எஃப்.எம். வேண்டும். பையனுக்கு இணைய வானொலி: “செலவே இல்லைணா, ஒரு லேப்டாப் போதும்.” மண்டிக்காரருக்கு இரண்டும் வீண் வேலை. தர்மபுரி ஆகாசவாணியில் வாரம் அரை மணி நேரம் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது என்கிறார்.

நான் காரிமங்கலத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவன். பிறகு ஆறு வருடம் ஒரு கல்லூரியின் சமுதாய வானொலியில், அதாவது சுற்றுவட்டார மக்களுக்காக இலாப நோக்கமில்லாமல் நடக்கும் சின்ன எஃப்.எம். நிலையத்தில், வேலை. டெக்னீஷியன் என்று பேர். எடிட்டிங் செய்ததும் நான்தான், ஆள் வராத நாளில் அறிவிப்பாளரும் நான்தான், அறையைப் பெருக்கியதும் நான்தான். அந்தப் பழக்கத்தில் டவர் கேள்விக்குப் பதில் சொல்லாமல் திருப்பி ஒன்று கேட்டேன்.

“காலைல அஞ்சரைக்கு மைக் முன்னாடி யாருக்கா உக்காருவாங்க? ஆரம்பிக்கற வாரத்துல இல்ல. மூணாவது வருஷம், மார்கழி மாசம், ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை.”

அக்காவும் பையனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மண்டிக்காரர் மட்டும் சிரித்தார். அந்த நேரத்தில் எழுந்து நிற்பது அவருக்குப் புதிதில்லை.

இந்தக் கட்டுரை அன்று பேசியதும், அடுத்த இரண்டு மாதம் அவர்களோடு உட்கார்ந்து போட்ட கணக்கும்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதே எண்ணத்தில் இருக்கும் வேறு யாருக்காவது உதவட்டும்.

எங்கே கேட்கும் காது?

பாலக்கோட்டில் யார், எப்போது, எதில் கேட்பார்கள் என்று முதலில் பார்த்தோம். விடியுமுன் தக்காளி வண்டியில் வருகிறவர்கள், வயலில் காய் பறிக்கும் பெண்கள், தையல் போடுகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், மாரண்டஅள்ளிப் பேருந்தில் போகிறவர்கள். “எல்லார்கிட்டயும் போன் இருக்கே, அதுலயே எஃப்.எம். கேட்டுடலாமே” என்றார் அக்கா. பாதி உண்மை. பட்டன் போனில் எஃப்.எம். பெரும்பாலும் உண்டு. ஸ்மார்ட்போனில்தான் தகராறு. பல மாடல்களில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள் அல்லது முடக்கிவிட்டார்கள். 2023 ஏப்ரலில் மத்திய அரசே போன் கம்பெனிகளுக்கு எஃப்.எம். வசதியைக் கொடுங்கள் என்று அறிவுரை அனுப்பும் அளவுக்கு நிலைமை போனது. வசதி இருந்தாலும் ஒயர் வைத்த இயர்போன் வேண்டும், ஏனென்றால் அந்த ஒயர்தான் ஆன்டெனா. காதில் புளூடூத் மாட்டிய பையனுக்கு எஃப்.எம். வராது.

ஆக, எஃப்.எம். என்றால் நம் காதுகள் பட்டன் போன், ஆட்டோவிலும் பேருந்திலும் உள்ள ஸ்டீரியோ, கடையில் இருக்கும் பழைய ரேடியோப் பெட்டி. இணையம் என்றால் இளவட்டமும் வெளியூர்க்காரர்களும். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று அதிகம் தொட்டுக்கொள்வதில்லை. வயலில் இருக்கும் அம்மாவுக்கு வேண்டும் என்றால் ஒரு வழி, அவர் பையன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தபடி கேட்க வேண்டும் என்றால் வேறு வழி.

டவர் வைத்த எஃப்.எம்.

அக்காவின் ஆசையிலிருந்து ஆரம்பிக்கிறேன். இதில்தான் சொல்ல அதிகம் இருக்கிறது, ஏமாறவும் அதிகம் இருக்கிறது.

அக்கா கேட்பதும் சமுதாய வானொலிதான். அதற்கு இந்தியாவில் 2002 கடைசியில் வழி திறந்தது, அதுவும் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். வந்தது அப்படித்தான். 2006 நவம்பரில்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் அனுமதி கிடைத்தது. பதிவு செய்து 3 வருடமாவது ஆகியிருக்க வேண்டும், இலாப நோக்கம் கூடாது. தனி ஆளுக்கும் கட்சிக்கும் கிடையாது. அக்காவின் அறக்கட்டளை இதில் தேறும். பையன் ஆரம்பிக்க நினைத்த கம்பெனி தேறாது. மண்டிக்காரர் பங்கு வைத்திருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் தேறாது.

2024 பிப்ரவரியில் விதிகளைத் திருத்தினார்கள். முதல் அனுமதியே இப்போது 10 வருடத்துக்கு. நிகழ்ச்சியை முடிவு செய்யும் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். அக்காவின் குழுவில் இந்த விதியைப் படித்துக் காட்டியபோது, “அப்ப ஆம்பளைங்க பாதிய எங்க போய்த் தேடறது?” என்று ஒரு அம்மா கேட்டார்.

சக்தி விஷயத்துக்கு வருவோம். பொதுவாக 50 வாட் டிரான்ஸ்மிட்டர்தான். ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் வீச்சு 100 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. டவர் 15 முதல் 30 மீட்டர். சமதளத்தில் சுற்றிலும் 10, 15 கிலோமீட்டர் கேட்கும். சமதளம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் மாவட்டங்களில் அது அபூர்வம். எஃப்.எம். அலை நேர்கோட்டில் போகிற சாதி, குன்றுக்குப் பின்னால் வளைந்து இறங்காது. பாலக்கோட்டு டவர் காரிமங்கலம், மாரண்டஅள்ளிப் பக்கம் எட்டலாம், இடையில் கரடு மறைக்காத வரை. ராயக்கோட்டை சந்தேகம்தான். அரூரில் டவர் வைத்துச் சித்தேரி மலைக்குப் பின்னால் இருக்கும் சிட்டிலிங்கிக்குப் பாட்டுப் போட முடியாது. சிட்டிலிங்கிக்கு வேண்டுமென்றால் டவர் அந்தப் பள்ளத்தாக்குக்குள்ளேயே நிற்க வேண்டும், அப்போது அந்தப் பள்ளத்தாக்கு மட்டும் கேட்கும். யாராவது வரைபடத்தில் காம்பஸ் வைத்து வட்டம் போட்டுக் காட்டினால் நம்ப வேண்டாம். ஒரு வண்டியில் ரேடியோவை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கேட்டால்தான் உண்மையான எல்லை தெரியும், அது வட்டமாகவே இருக்காது.

டவர் வைத்தால் கூடவே வரும் தொல்லை ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். எங்கள் நிலையத்தில் இரண்டாவது ஐப்பசி மழைக்கு டிரான்ஸ்மிட்டர் தானாகவே பவரைக் குறைத்துக்கொண்டது. மேலே போக வேண்டிய சக்தியில் ஒரு பங்கு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று மீட்டர் காட்டியது. டிரான்ஸ்மிட்டர்தான் கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் அதைத் திறந்து திறந்து மூடினோம். மூன்றாம் நாள் மழை விட்டதும் ஒரு பையன் டவரில் ஏறினான். உச்சியில், ஆன்டெனாவில் கேபிள் சேரும் கனெக்டரின் மேல் சாதாரண கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டுப் போயிருந்தார்கள், டவர் அமைத்துக் கொடுத்தவர்கள். வெயிலில் அது பொரிந்து உரிந்திருந்தது. கனெக்டரைக் கழற்றியபோது பச்சைப் பாசி நிறத்தில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கொட்டியது. அவ்வளவுதான் கோளாறு. இழுத்துச் சுற்றினால் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் ஒன்று இருக்கிறது, சில நூறு ரூபாய். அதை முதலிலேயே சுற்றியிருந்தால் போதும். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும், அறைக்குள் வராது. அதையும் செய்யவில்லை.

நாலு நாள் நிலையம் ஊமை. நாலு நாளில் “ஏன் ரேடியோ வரல?” என்று போன் செய்து கேட்டவர்கள் மூன்று பேர். டிரான்ஸ்மிட்டரைவிட அதுதான் எனக்கு வலித்தது. மூன்று பேரும் ஒரே நிகழ்ச்சிக்காகக் கேட்டார்கள்: காலையில் ஒரு அம்மா சொல்லும் நாட்டு மருத்துவக் குறிப்பு. ஸ்டுடியோவுக்குள் நாங்கள் பெருமையாக நினைத்த எதையும் யாரும் கேட்கவில்லை.

இடிக்கு எர்த் போடுவதும் இங்கே சிரமம். பாறை மண், வறண்டு கிடக்கும். குழியில் செப்புத் தகடு, கரி, உப்பு போட்டால் மட்டும் போதாது, கோடையில் வாரம் ஒருமுறை குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்ற ஆள் வைத்துக்கொள்ளுங்கள். முட்டை அட்டை ஒட்டினால் வெளிச் சத்தம் உள்ளே வராது என்று யாராவது சொன்னால், நாமக்கல்லுக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். அறைக்குள் எதிரொலி கொஞ்சம் குறையும், சாலையில் போகும் லாரியை அது தடுக்காது. கனமான கதவும் நெடுஞ்சாலையிலிருந்து தள்ளிய இடமும்தான் வழி.

இனி பணம். டவர், டிரான்ஸ்மிட்டர், ஸ்டுடியோ, யூ.பி.எஸ். எல்லாம் சேர்த்து 10 லட்சத்துக்குக் குறைந்து ஒழுங்காகச் செய்தவர்களை நான் பார்த்ததில்லை. கருவிகளுக்கு மத்திய அரசின் மானியத் திட்டம் இருக்கிறது, ஆனால் அதை நம்பி டவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அலைவரிசைக் கட்டணம் வருடத்துக்குச் சுமார் 20 ஆயிரம், அது பெரிய பாரம் இல்லை. பாரம் சம்பளம். மூன்று பேருக்கு ஆளுக்கு 15 ஆயிரம் என்றாலே மாதம் 45 ஆயிரம்.

விளம்பரத்தில் எடுத்துவிடலாமே என்பார்கள். 2024 திருத்தத்தில் மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம் என்றும் 10 நொடிக்கு 74 ரூபாய் என்றும் உயர்த்தினார்கள். மணிக்கு 72 துண்டு, பெருக்கினால் 5,328 ரூபாய். தினம் எட்டு மணி நேரம் என்றால் 42 ஆயிரத்துச் சொச்சம். ஒரே நாளில் மாதச் சம்பளம்! இந்தக் கணக்கைக் கூட்டத்தில் போட்டுக் காட்டுகிறவரிடம், அந்த 72 துண்டுக்கும் பாலக்கோட்டில் கடை காட்டச் சொல்லுங்கள். விதைக்கடை, வெள்ளிக் கொலுசுக் கடை, சொட்டுநீர் டீலர், கல்யாண மண்டபம், செல்போன் கடை. மாதம் இரண்டாயிரம் மூவாயிரம் கொடுக்கப் பத்துக் கடை கிடைத்தால் நல்ல மாதம். அதைவிட எங்களுக்கு நிலையாக வந்தது பிறந்தநாள் வாழ்த்து. பேரனுக்கு வாழ்த்துச் சொல்ல நூறு ரூபாய் கொடுக்காத தாத்தாவே இல்லை.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. சொந்தமாகச் செய்தியும் அரசியலும் சமுதாய வானொலியில் கூடாது. வானிலை, மின்தடை, வேலைவாய்ப்பு, தேர்வு, ஊர்த் திருவிழா, சந்தை விலை எல்லாம் சொல்லலாம். பாலக்கோட்டுக்கு அதுவே போதும். நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும் என்ற விதிதான் பலரை மடக்குகிறது, ஏனென்றால் அந்தப் பாதியைத் தினமும் யாராவது பேசியாக வேண்டும்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு எஃப்.எம். வேண்டாம் என்று சொல்லவில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்கு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு போனதை நாடே வீடியோவில் பார்த்தது. அப்படிப்பட்ட இரவில் கரண்ட் போனால் செல்போன் டவர் எத்தனை மணி நேரம் தாங்கும்? ஊருக்குள்ளேயே இருக்கும் 50 வாட் டிரான்ஸ்மிட்டரைச் சின்ன ஜெனரேட்டரில் இரவு முழுக்க ஓட்டலாம். எந்த ஏரி உடைந்தது, எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது என்று சொல்ல அதைப் போல வேறொன்று இல்லை. இன்னொன்று, எஃப்.எம்.மில் பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் செலவு ஒன்றே.

தனியார் எஃப்.எம். பற்றியும் பையன் கேட்டான், அதனால் ஒரு வரி. 2024 ஆகஸ்டில் 234 நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம்விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது மொத்த அடிப்படை விலை 784.87 கோடி. வகுத்துப் பார்த்தால் சராசரி ஒரு கோடிக்கு மேல். அதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொண்டோம்.

லேப்டாப் வானொலி

பையன் சொன்னது பொய்யில்லை. இணைய வானொலிக்கு அலைவரிசையும் வேண்டாம், டவரும் வேண்டாம். ஒரு லேப்டாப், நல்ல மைக், மாதம் சில ஆயிரத்துக்கு சர்வர். ஒரு வாரத்தில் தொடங்கிவிடலாம். 64 கேபிபிஎஸ் தரத்தில் கேட்கிறவருக்கு மணிக்குச் சுமார் 29 எம்.பி. டேட்டா போகும், இன்றைய ரீசார்ஜில் பெரிய விஷயமில்லை. எஃப்.எம்.மில் கிடைக்காத ஒன்றும் இதில் உண்டு: இந்த நிமிடம் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று திரையில் தெரியும். பல நாள் அந்த எண் ஏழு என்று இருக்கும். தாங்கிக்கொள்ளத் தெரிந்தவருக்கு அது நல்ல வாத்தியார்.

சிக்கல் பாட்டில் வருகிறது. சினிமாப் பாட்டு போடாத வானொலியைக் கேட்க மாட்டேன் என்பார்கள். பண்பலை நிலையங்களுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவின்படி, நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பாட்டுப் போடும் வழி உண்டு. இணைய ஒலிபரப்புக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரிமையாளரிடம் தனித்தனியாகப் பேசி வாங்க வேண்டும். “யூடியூப்ல எல்லாரும் போடறாங்களே” என்றான் பையன். போடட்டும், அறக்கட்டளைப் பேரில் நோட்டீஸ் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கப்போவது அக்கா.

பாட்டில்லாமல் என்ன செய்வது? இந்த மண்ணில் தெருக்கூத்துக்குப் பஞ்சமில்லை. பாரதக் கூத்து 18 நாள் நடக்கும் ஊர்கள் இருக்கின்றன. நடவுப் பாட்டு, ஒப்பாரி, கேழ்வரகு அரைக்கும் பாட்டு. ஆனால் கூத்துக்காரர்களைக் கூப்பிட்டு இலவசமாகப் பதிவு செய்துகொண்டு, “உங்க பேர் வரும்ல” என்று அனுப்பிவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பணம் கொடுத்து, எழுதி வாங்கிக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

இணைய வானொலியின் உண்மையான காது பெங்களூரிலும் திருப்பூரிலும் இருக்கிறது. இங்கிருந்து பிழைக்கப் போனவர்கள், இரவு அறையில் படுத்துக்கொண்டு ஊர்ச் சத்தத்தைக் கேட்க விரும்புகிறவர்கள். அவர்களுக்கென்றால் இதைவிட நல்ல வழியில்லை. வயலில் கை முழுக்கச் சேறாக இருப்பவருக்கென்றால் இது தொலைவு.

போனுக்குள் வானொலி

பலர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத வழி இது. ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் அது திருப்பி அழைக்கும். எடுத்தால் இன்றைய நிகழ்ச்சி ஓடும், ஒரு எண்ணை அழுத்தினால் நீங்களும் பேசிப் பதிவு செய்யலாம். சத்தீஸ்கரில் 2010இல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வர இப்படித்தான், எழுதப் படிக்கத் தெரியாத, கோண்டி பேசும் மக்கள் தங்கள் மொழியிலேயே புகாரும் பாட்டும் பதிவு செய்தார்கள். வத்தல்மலை, சித்தேரி போன்ற மலை ஊர்களில், சிக்னல் எட்டும் இடத்தில் இதுதான் பொருத்தம். குன்று மறைக்கிற தொல்லை இல்லை, பட்டன் போனே போதும், எல்லாவற்றுக்கும் மேல் கேட்பவர் பேசவும் முடியும்.

இதில் ஒரு விசித்திரம். எஃப்.எம்.மில் ஆள் கூடக் கூட மகிழ்ச்சி, இதில் ஆள் கூடக் கூடக் கலக்கம். திருப்பி அழைக்கும் செலவு நம்முடையது. நிமிடத்துக்கு 50 காசு என்று வைத்துக்கொள்வோம். 500 பேர் தினம் 10 நிமிடம் கேட்டால் மாதம் ஒன்றரை லட்சம் நிமிடம், அதாவது 75 ஆயிரம் ரூபாய். எஃப்.எம். நிலையத்தின் சம்பளச் செலவையே தாண்டிவிடுகிறது. அதனால் இரண்டு மூன்று நிமிடச் செய்திக்கு இது அருமை, மணிக்கணக்கான நிகழ்ச்சிக்கு ஆகாது. செலவே கூடாது என்றால் வாட்ஸ்அப் குரல் பதிவு. ஊர் ஊராக ஒரு குழு, தினம் ஒரு மூன்று நிமிடப் பதிவு. பகட்டில்லை, ஆனால் போட்டு ஒரு மணி நேரத்தில் பத்துப் பேர் பதில் சொல்வார்கள்.

கேபிள் வழியும் ஒன்று இருந்தது. எல்லை தாண்டிக் கோலார் மாவட்டம் பூதிகோட்டையில் ‘நம்ம த்வனி’ என்ற ஊர் வானொலியை, எஃப்.எம். உரிமம் கிடைக்காத அந்தக் காலத்தில், டி.வி. கேபிள் வழியாகவே வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். கெட்டிக்காரத்தனம். செட்டாப் பாக்ஸ் காலத்தில் அதை இங்கே திரும்பச் செய்ய நான் ஆசைப்பட மாட்டேன்.

ஆகாசவாணியில் அரை மணி நேரம்

மண்டிக்காரர் சொன்னதை அக்கா முதலில் காதில் வாங்கவில்லை. எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. தர்மபுரி ஆகாசவாணி 102.5இல் ஏற்கெனவே கேட்கிறார்கள், நம் 50 வாட்டோடு ஒப்பிடவே முடியாத வீச்சு. டவர் பழுது, எர்த், அலைவரிசை எதுவும் நம் தலைவலி இல்லை. விளம்பரதாரர் நிகழ்ச்சியாக நேரம் வாங்கலாம். வேளாண் வல்லுநர், மருத்துவர் என்று அவர்கள் நிகழ்ச்சிக்கே நம் ஆட்களை அனுப்பிவைத்தால் காசும் இல்லை.

குறை என்ன? நேரம் அவர்களுடையது. காலை ஐந்து மணிக்குத் தக்காளி ஒரு கிரேட் (பெட்டி) என்ன விலை போனது என்பதை அடுத்த வியாழக்கிழமை சொல்லிப் பிரயோஜனமில்லை. பேச்சும் கொஞ்சம் வேட்டி கட்டிக்கொள்ளும். மாரண்டஅள்ளி அம்மா தன் பேச்சிலேயே பேச ஆரம்பித்து, சிவப்பு விளக்கு எரிந்ததும் “அன்பார்ந்த நேயர்களே” என்று மாறிவிடுவார். பழக்கிவிட்டால் சரியாகும். ஆனால் அரை மணி நேரத்தை ஒழுங்காகத் தயாரித்து, நேரத்துக்கு முடித்து, வாரம் தவறாமல் கொண்டுபோய்க் கொடுக்கிற பழக்கம் வந்துவிட்டால், அந்தக் குழுவை நம்பி டவர் வைக்கலாம்.

கல்லூரியோடு சேர்வதையும் யோசித்தோம். கல்லூரிக்கு உரிமம் வாங்கும் தகுதி உண்டு, இடம் உண்டு, பிள்ளைகள் உண்டு. பாப்பாரப்பட்டியில் இருப்பது போன்ற வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் தகுதி உண்டு. கல்லூரி வானொலியின் சங்கடத்தை ஆறு வருடம் பார்த்தவன் நான். ஏப்ரல் பாதியில் தேர்வு, அப்புறம் விடுமுறை, ஜூன் கடைசி வரை பாட்டுதான் ஓடும். கிருஷ்ணகிரியில் மாங்காய் இறங்கும் மாதங்களே அவைதான். பெங்களூரா மாங்காய் விலை என்ன, மாங்கூழ் ஆலை எப்போது எடுக்கிறது என்று ஊரே தவிக்கும்போது நாங்கள் பழைய பாட்டைச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

என்ன முடிவு செய்தோம்

ஊருக்கு ஊர் பதில் மாறும். ஓசூர் என்றால் நான் எஃப்.எம். பக்கம் எளிதில் போக மாட்டேன். ரேடியோவைத் திருப்பினாலே பெங்களூர் நிலையங்கள் வரிசையாக நிற்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம், ஷிஃப்ட் முடித்து வரும் வெளிமாநிலத்தவர் என்று காதும் பலவகை. அங்கே இணையமும் போனும் முதலில். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் யானை நடமாட்டத்துக்கு வாட்ஸ்அப் குழுவை மிஞ்ச முடியாது, நிமிடக் கணக்கு அங்கே. சிட்டிலிங்கிக்கு நான் முன்பே சொன்னபடி பள்ளத்தாக்குக்குள் ஒரு சின்ன டவர் நன்றாக நிற்கும், ஒரே கிண்ணம் மாதிரி இருக்கும் ஊர்.

பாலக்கோட்டுக்கு எஃப்.எம். தகும் என்பதுதான் என் கருத்து, ஆனால் இந்த வருடம் இல்லை. விண்ணப்பம் இப்போதே போகட்டும். அமைச்சகம், அலைவரிசை அனுமதி என்று எப்படியும் ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கும். அந்த இடைவெளியில் வாட்ஸ்அப்பில் தினமும் மூன்று நிமிடம், ஆகாசவாணியில் முடிந்தால் மாதம் ஒரு நிகழ்ச்சி. டவர் பணத்தில் கைவைக்க வேண்டாம். அனுமதி வந்தாலும் 24 மணி நேரம் ஓட்டும் ஆசை வேண்டாம். தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கத்தில் தலித் பெண்கள் 2008இலிருந்து நடத்தும் சங்கம் ரேடியோ, வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் பார்த்து மாலையில் இரண்டு மணி நேரம் பேசியே பேர் வாங்கியது. பாம்பனில் கடல் ஓசை 90.4 மீனவர்களை நினைத்துப் பேசுகிறது. பாலக்கோட்டுக்கு விடிகாலை ஒரு மணி நேரம், பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம். அக்காவுக்கு இதில் கொஞ்சம் மனக்குறைதான். டவரைத் திறந்துவைக்க யாரைக் கூப்பிடுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

பையன் எடிட்டிங்கையும் பதிவுகளை இணையத்தில் சேர்த்து வைப்பதையும் எடுத்துக்கொண்டான். காலைப் பேச்சுக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. முதல் வாரம் அக்கா பேசினார், இரண்டாம் வாரம் குழுவில் ஒரு பெண். மூன்றாம் வாரம் திங்கட்கிழமை இருவருக்கும் முடியவில்லை. அன்று காலை 5.40க்குக் குழுவில் ஒரு பதிவு வந்து விழுந்தது. பின்னால் வண்டி ஹாரன், யாரோ கிரேட் எண்ணும் சத்தம், ஒரு ஆள் எவரையோ திட்டும் சத்தம். நடுவில் மண்டிக்காரர், கூச்சத்தோடு: “பாலக்கோட்டு மார்க்கெட்ல இருந்து பேசறேங்க. இன்னைக்கு நாட்டுத் தக்காளி…” விலையைச் சொல்லிவிட்டு, அப்புறம் கொஞ்ச நேரம் எப்படி முடிப்பது என்று தெரியாமல் நின்று, “சரி, வச்சிடறேன்” என்று முடித்தார்.

47 நொடி. “சத்தத்தை கிளீன் பண்ணிடட்டுமாணா?” என்று பையன் கேட்டான். தொடாதே என்றேன். அன்று மாலைக்குள் அக்காவுக்கு வந்த போன்களில் பாதி, நாளைக்கும் அவரே சொல்வாரா என்று கேட்டவை. மறுநாள் செவ்வாய்க்கிழமை. 5.38க்கே வந்துவிட்டது.